எட்டாவது துளி

பதினோரு வாரம்
தண்ணீரை மட்டும் வளர்த்தேன்.

பார்க்க வந்தாள் தங்கை கெஸீனெ.
"மீன் எங்கே?"
இன்னும் இல்லை.
"செடியாவது?"
இல்லை. உப்பு, கல், வெளிச்சம்.
மூன்றாம் வாரம் மணல் பழுப்பேறியது,
ஐந்தாம் வாரம் கல்லுக்குத் தாடி முளைத்தது,
பிறகு நத்தைகள் வந்து மழித்துவிட்டன என்றேன்.
கோட்டைக் கழற்றாமலே காபி குடித்துவிட்டுப் போனாள்.

ஹாலே நகரத்துக்குக் கடல் கிடையாது.
கடல் விட்டுப்போன உப்பு உண்டு,
கடல் விட்டுப்போன சுண்ணாம்பும் உண்டு:
கெட்டிலின் அடியில் வாராவாரம்
வெள்ளைச் செதில் கட்டும்.
சனிக்கிழமை வினிகர் ஊற்றிச் சுரண்டுவேன்.

என் வேலை பல் செய்வது.
யாரோ கடித்துக் கொடுத்த அச்சில்
பீங்கானைப் படலம் படலமாக ஏற்றி,
சுட்டு, தேய்த்து,
முகம் தெரியாத வாய்களுக்கு அனுப்புவது.
முப்பது வருடம்.
ஒரு பல்கூடத் தானாக வளர்ந்ததில்லை.

ஃபால்கோவின் வீடு நோய்ஸ்டாட்டில், ஒன்பதாம் மாடி.
ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ். தூக்கம் கலையாத கண்.
சமையலறையில் சலவை இயந்திரத்தை ஒட்டி
நீல வெளிச்சத்தில் மூன்று தொட்டி.
நான் விரல் நீட்டியது மேல்தட்டில்:
மான்கொம்பு, நுனியெல்லாம் ஊதா.
"அது வேண்டாம்."
காசு இருக்கிறது என்றேன்.
"காசு இல்லை. கை.
எதாவது சரியில்லை என்று பட்டால்
உடனே கையை உள்ளே விடுகிற ஆளா நீங்கள்?"

என் கை சும்மா இருந்தால்
எனக்குச் சம்பளம் கிடையாது, தம்பி.

சிரித்தான். அடுத்த தொட்டிக்கு நகர்ந்தான்.
"இது சுத்தியல் பவளம். சாது.
ஆனால் இருட்டியதும் கை நீளும்,
பக்கத்தில் இருப்பவளைச் சுட்டுவிடும்.
ஒரு சாண் காலியிடம் விடுவீர்களா?
இந்தத் தட்டுப் பவளம் அடுத்த வருடம்,
துளி எண்ணப் பழகிய பிறகு.
இப்போதைக்கு இது."

எக்காளப் பவளம். மூன்று தலை.
பழுப்பு விளிம்பு, நடுவில் பச்சை.
தொட்டால் கல், மேலே ஈரச் சதை.
"பட்டினி பொறுக்கும்.
உங்களையும் பொறுக்கும்."
பன்னிரண்டு யூரோ.

வெளியே மைனஸ் ஆறு.
கோட்டுக்குள், ஸ்வெட்டருக்குள்,
வயிற்றுச் சூட்டில் டப்பா.
டிராமில் எதிரே இருந்த பெண்
என் இடுப்பைப் பார்த்தாள், நரையைப் பார்த்தாள்,
எழுந்து இடம் கொடுக்கலாமா என்று
யோசித்தாள்.

கீழ்த்தட்டில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில் வைத்தேன்.
நள்ளிரவுக்குள் இரண்டு தலை உப்பி வந்தது.
மூன்றாவது மூடியே இருந்தது.
மறுநாளும்.
மறுவாரமும்.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை போல.
இடம் மாற்றலாமா? திருப்பி வைக்கலாமா?
ஒரு முறை சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டேன்.
பிறகு நாற்காலியில் அமர்ந்து
இரண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்து
அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்தேன்.
சோதனைக் குழாயில் ஐந்து மில்லி,
முதல் துளிக்கு நீலம்,
எட்டாவது துளியில் மஞ்சள்.
கல்லும் நத்தையும் மட்டும் இருந்தபோதும் எட்டு.
பவளம் வந்த பிறகும் எட்டு, எட்டு, எட்டு.

நேற்று
ஏழிலேயே மஞ்சள் ஆனது.

குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன்.
ஏழு.
யாரோ ஒரு துளி தின்றிருக்கிறார்கள்.
என் தண்ணீரிலிருந்து, என்னைக் கேட்காமல்,
கண்ணுக்குத் தெரியாத தடிமனில்
ஒரு படலம் எலும்பு கட்டியிருக்கிறார்கள்.
திறந்த இரண்டா,
இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவதா,
தெரியவில்லை.

சொட்டுக்குப்பியின் நுனியில்
எட்டாவது துளி
தொங்கிக்கொண்டிருந்தது.
அதை விழவிடாமல்
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன்.