தண்ணி உள்ள வந்துடுச்சா?

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி.
கீழே கேட்டில் பலராம் நோட்டை நீட்டுவார்:
பெயர், நேரம், யாரைப் பார்க்க.
சிலிண்டர் கொண்டுவருகிற பையனும்
கையெழுத்துப் போடாமல் படியேற முடியாது.

அவன் படியேறவில்லை.

நவம்பர். இரண்டு நாளாக விடாத மழை.
இன்வெர்ட்டர் கத்திக் கத்தி உயிரை வாங்க,
சாம்பார் கிண்ணத்துக்கும்
மகனின் கிரேயான் டப்பாவுக்கும் நடுவே
ஆபீஸ் லேப்டாப்.
அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் நோயாளிகள்:
யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு,
யார் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எந்த மாத்திரை.
வைஃபை எதிர்வீட்டுக்கும் சேர்த்துத்தான்.
அவர்கள் பெண்ணுக்கு ஆன்லைன் பரீட்சை என்றார்கள்;
உறைமோர் கேட்டால் இல்லை என்போமா?

போன் வந்தது.
"ஹெப்சிபா மேடம், நவநீதன் பேசுறேன், ஐடி சப்போர்ட்.
உங்க ஏரியால தண்ணி உள்ள வந்துடுச்சா?"

வண்டி முங்கியதைச் சொன்னேன்.
பால் வராததைச் சொன்னேன்.
அடுப்பில் மூன்றாவது விசில்.
"கனெக்‌ஷன் கட்டாயிடும் மேடம்,
ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க."
ஆறு இலக்கம்.
சிலிண்டர் பையனுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

மறுநாள் திரையில் மூன்று பேர்,
ஒருவருக்கு முகம் இல்லை, பெயரின் முதல் எழுத்து மட்டும்.
நவநீதன் என்று இங்கே யாரும் வேலை செய்யவில்லை.
பயிற்சி வீடியோ பார்த்தீர்களா?
பார்த்தேன். பத்துக்கு ஒன்பது.
பிறகு ஏன் நம்பினீர்கள்?

பதினான்கு மாதமாக
நான் பேசுவது கேட்கிறதா என்று நானே கேட்டிருக்கிறேன்.
மியூட்டில் இருக்கீங்க என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.
வீட்டுக்குள் தண்ணி வந்ததா என்று
ஒருத்தர் கேட்டதில்லை.
இதைச் சொல்லவில்லை.
"கவனக்குறைவு" என்றேன்.
தட்டச்சு செய்துகொண்டார்கள்.

இப்போது புதுக் கடவுச்சொல்.
பதினாறு எழுத்து, யார் பெயரும் இருக்கக் கூடாது.
மனதில் நிற்க மாட்டேன் என்கிறது.
பால் சீட்டின் பின்பக்கம் எழுதி
துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி மறுபடி மழை.
தெரியாத எண் ஒன்று அடித்து ஓய்ந்தது.
நான் எடுக்கவில்லை.

நாலாயிரத்தில் ஒருத்தி, விருகம்பாக்கத்தில்,
இந்நேரம் எடுத்திருப்பாள்.
"ஆபரேஷன் பண்ண இடம் இப்ப வலிக்குதாம்மா?"
அவ்வளவு அக்கறையாக.