இடப்பக்க இருக்கை

பிஸ்கட் டின் நிறைய ரசீதுகள்.
கூட்டினால் முப்பத்தோராயிரம் பவுண்ட்.
கொட்டகையில் போன பதினொரு குளிர்காலம் அதில் சேராது.
பதினாலுக்கு மேல் போகாது என்கிறான் லேட்டன்,
டான்காஸ்டரிலிருந்து விடியலிலேயே வந்தவன்.

"அசலென்றால் கேட்டதுதான் விலை, மிஸஸ் பிரிட்மோர்.
நகலுக்கு, கட்டியவன் கைக்குத்தான் விலை."

மெர்வின் கை நல்ல கைதான்.
நொறுங்கிய ரோவரின் எஞ்சின், ஜாகுவாரின் பின்னச்சு,
கிரிம்ஸ்பியில் படகு செய்கிறவன் வார்த்த ஃபைபர் உடம்பு,
எல்லாம் ஒரே நீலத்துக்குள் ஒற்றுமையாய் நின்றன.
சோதனைச் சட்டம் வருமுன் பதிவான வண்டி;
யாரும் கீழே படுத்துப் பார்த்ததில்லை.

லேட்டன் படுத்தான், டார்ச்சோடு.
வெகுநேரம் அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
"எங்காவது மோதியிருக்கிறதா?"
ஒருமுறைகூட இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஓட்டுகிறவர் பெல்ட்டுக்கு அடியில்
இரும்புத் தகடு, சுத்தமான வெல்டிங்.
இந்தப் பக்கம் வெறும் ஃபைபரில் ஒரு போல்ட்,
பென்னி அகலத்துக்கு ஒரு வாஷர்.
"அடி விழுந்தால் பெயர்ந்து கையோடு வந்துவிடும்" என்றவன்
இரண்டாயிரம் குறைத்தான்.

இந்தப் பக்கம்
என் பக்கம்.
ஸ்கெக்னஸ் சாலையில் இருபத்திரண்டு கோடை,
முடி பறந்து வாய்க்குள் போக, சிரித்துக்கொண்டே.

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
அவர் இடக்கை நீண்டு
என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து நிற்கும்.
அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.

பன்னிரண்டு என்றான் லேட்டன் மறுபடி.
சாவியைக் கொடுத்தேன். டின்னைக் கொடுக்கவில்லை.
தகடு வாங்கிய ரசீது அதில்தான் இருக்கிறது,
மசி மங்காமல்:
இரும்புத் தகடு, இரண்டு.