எந்தக் காத்து

நாலரை மணித்தியாலம் ஐஸ் பெட்டிக்குள்ள
கிடந்து வந்த நுரையீரல்.
"மீன் மாதிரியோ?" எண்டு கேட்டா றெஜினா.
குருநகர்க்காரி, பொய் சொல்ல ஏலாது.
"ஓம். ரத்தம் திரும்பிப் போகேக்கைதான்
கோவிக்கும், வீங்கும், தண்ணி கோக்கும்.
அதுக்குத்தான் இந்தக் காத்து."

"எந்தக் காத்து?"

சோளகம், வாடை, கச்சான், கொண்டல்.
வள்ளம் இறக்கலாமோ எண்டு
கதவு திறக்க முதல் மணந்து சொல்லுற மனிசிக்கு
சிலிண்டரை எப்படி விளங்கப்படுத்த?
நைட்ரிக் ஒக்சைட்,
பத்து லட்சத்தில இருபது பங்கு.
ஆஸ்பத்திரி வீதியில லொறி கக்கிற புகையிலயும்
இதே சாமான் கிடக்கு.
அதை நான் சொல்லேல்லை.

மூண்டாம் இரவு குறைக்கத் தொடங்கினன்.
இருபது. பத்து. அஞ்சு.
ஒண்டில நிண்டதைப் பூட்டின உடனை
பத்திநாதற்றை ஒட்சிசன் எண்பத்தாறு.
திரும்பவும் ஒண்டுக்குத் திறந்து
திரையைப் பாத்தபடி நிண்டன்.
பெரிய கோயில் மணி அடிக்கேக்கை தொண்ணூற்றிமூண்டு,
என்ரை சேட்டு முதுகோடை ஒட்டிக் கிடந்தது.

விடிய, கண்ணாடிக்கு அங்கால:
"காத்து விழுந்திட்டுதோ?"
"விழுகுது. இன்னும் நிக்குது."
"சடாரெண்டு விழுந்தால் கூடாது தம்பி.
இண்டைக்கு இறக்காதையுங்கோ."
பெரிய டொக்டரும் அதைத்தான் சொன்னவர்,
கொஞ்சம் நீட்டி.

ஆறாம் நாள் குழாய் எடுத்தாச்சு.
புது நுரையீரலுக்கு நரம்பு இல்லை,
சளி நிண்டாலும் தெரியாது.
"இருமுங்கோ ஐயா" எண்டன்.
மனிசன் மறந்துபோன ஆள் மாதிரி முழிச்சார்.
கண்ணாடிக்கு வெளியில நிண்டு
றெஜினா இருமிக் காட்டினா.