போட்டேன்

தேவாலாவில் ஜூன் பிறந்தால்
கதவு பிள்ளைத்தாய்ச்சி.
உப்பி, நிலையில் இடித்து, அரை அங்குலம் முன்னே நிற்கும்.
பிடியை இடது கையால் தூக்கி
வலது தோளால் ஒரு மோது.
ஆறு மாதம் அப்படித்தான் வீட்டுக்குள் போவோம்.
தை பிறந்தால் அதே கதவு வற்றி
விரல் நுழைய இடுக்கு விடும்.
பழைய சேலைக் கரையைக் கிழித்துச் செருகுவேன்.

பதினோரு வருஷம்
இதைக் குறையென்று நினைத்ததில்லை.
இந்த மழைக்குத் தீப்பெட்டி நமுக்கிறது,
ரேஷன் சர்க்கரை கல்லாகிறது.
கதவு மட்டும் என்ன, வேறு ஊரா?

பிப்ரவரியில் ஒரு காலை
புறக்கடையில் பாத்திரத்தோடு இருந்தேன்.
திரும்பினால்
ஷிபு நடுவீட்டில் நிற்கிறான், தோளில் சிலிண்டர்.
"தட்டினேன் அக்கா. தட்டினதுல தொறந்துடுச்சு."

தாழ் போட்டிருந்தேனே.
போட்டபடியேதான் இருந்தது,
திறந்த கதவில் நாக்கை நீட்டிக்கொண்டு.
அது போய் உட்கார வேண்டிய நிலையில்
மரம் இல்லை.
தொட்டேன், சுக்குப்பொடியாய் உதிர்ந்தது.
மேலே பச்சைப் பெயின்ட் மட்டும்
மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

எத்தனை ராத்திரி
மாவுக்குள் இரும்பைச் செருகிவிட்டு
குறட்டை விட்டிருப்பேன்.

மொய்தீன்குட்டி ஆசாரி வந்து
ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து.
பிடி வரைக்கும் போனது.
"கதவுக்கு ஒண்ணுமில்லை. நிலை போச்சு.
நிலை போனா கதவு சும்மா பலகை."
இரண்டும் சேர்த்துப் பதினெட்டாயிரம் சொன்னார்.
"மழைக்கு முன்ன சொல்லணும்,
மழையில நான் கை வைக்க மாட்டேன்."

சொல்லவில்லை.
திருப்பூரிலிருந்து ஒன்பது மணிக்கு அவர் பேசுவார்.
கட்டிங் மேசை இரைச்சலுக்கு மேலே
"ஆனை எறங்கிருக்காமே, கதவு போட்டியா?"
"போட்டேன்."
ஆனைக்கு எந்தக் கதவும் பப்படம்தான்,
அது அவருக்கும் தெரியும்.
கேட்பது ஆனையைப் பற்றி அல்ல
என்பது எனக்கும் தெரியும்.

போனை வைத்ததும் அடுப்பிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி
சிலிண்டரை விளிம்பில் உருட்டிக்கொண்டு வந்து
கதவுக்கு முட்டுக் கொடுப்பேன்.
முதல் வாரம் இடுப்பு ஒடிந்தது.
அவ்வளவு கனம். நல்ல தூக்கம்.

ஆனால் அதே சிலிண்டரில்தானே பொங்கித் தின்றேன்.
சோறு ஆக ஆக
காவல் குறைந்துகொண்டே வந்தது.
மார்ச்சில் ஒரு கையால் உருட்டினேன்.
ஏப்ரல் நடுவில், புளிக்குழம்பு வைத்த ராத்திரி,
காலால் தள்ளினேன்,
குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி போனது.
விளக்கைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
காலையில் குழுவில் லோனுக்குக் கையெழுத்து.

புதுசு இரும்பு.
கூடலூர்க் கடையில் பூப்போட்டது வேண்டாம் என்றேன்.
திறப்பதும் அடைப்பதும் காதில் விழவில்லை.
பழைய கதவைக் கோழிக்கூண்டுக்குக் கேட்டாள் சரோஜினி,
கொடுத்துவிட்டேன்.
நிலைச்சட்டம் விறகுக்குக்கூட ஆகவில்லை.

ஜூன் கடைசி. ஆர்டர் இல்லையென்று
அவர் சொல்லாமல் வந்தார், சாயங்கால இருட்டில், மழையோடு.
குடையை மடக்கியிருக்கிறார்.
கதவு புதுசென்று கண் பார்க்கவில்லை.
இடது கை தூக்கியது,
வலது தோள் மோதியது,
வெறுமனே சாத்தியிருந்த கதவு வழிவிட
பையும் பலகாரமுமாக
என் காலடியில் வந்து விழுந்தார்.

சிரித்து முடிக்க நேரமானது.
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு,
கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக் கேட்டார்:
"எப்போ மாத்தின?"

மே பத்து என்று சொல்லியிருக்கலாம்.
ஷிபு தட்டிய காலையையா,
கால் சிலிண்டரைத் தள்ளிய ராத்திரியையா,
எதைச் சொல்வது என்று நிற்கையில்
மிக்சர் பொட்டலம் பிரிந்து
வாசலெல்லாம் நமுத்துக்கொண்டிருந்தது.
"முதல்ல கதவைப் போடுங்க" என்றேன்.