முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

மூன்றாம் முறையாக வந்திருக்கிறார் பெரியணன்.
போன படத்தில் இடது காதோரம் நிழலாம்.
அதற்கு முந்தையதில்
லேசாகச் சிரித்துவிட்டாராம்.
தீவு திருப்பி அனுப்பிவிட்டது.

கோத்தகிரியில், டானிங்டன் முக்கில் என் ஸ்டுடியோ.
நாலு மணிக்கே மூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்;
வெள்ளைத் திரை எங்கே முடிகிறதென்று
கேமராவுக்கே தெரியாது.
ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு லட்சம் டாலர்,
கடலோர விடுதி ஒன்றில் பங்கு,
ஆறு மாதத்தில் பாஸ்போர்ட்.
தீவு எந்தப் பக்கம் என்றேன்.
போனில் விரித்தார், மேலும் விரித்தார்,
நீலத்துக்குள் ஒரு மிளகு.
போய்ப் பார்த்தீங்களா?
“போகணும்னு சட்டமே இல்லம்மா.”

எங்களுக்கு இருந்தது.
தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம்,
மேட்டுப்பாளையத்திலிருந்து உர லாரி.
அதற்கும் முன்னால் ஹட்டனில் ஒரு படம்,
ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.
அப்பா நெஞ்சில் சிலேட்டு, சாக்கட்டியில் எண்.
அழாமலிருக்க என் வாயில் சீனி வைத்தார்களாம்;
படத்தில் என் வாய் மட்டும் கலங்கியிருக்கிறது.
சிரிக்காதீர்கள் என்று
அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு
தாலுகா ஆபீஸ் போனேன்.
“சிலோன் கேஸா? குடும்ப அட்டை ஒரிஜினல் எங்கே?”
லேமினேட் செய்ததைக் கொடுத்தேன்.
லேமினேட் செய்தால் ஒரிஜினல் இல்லையாம்.

தாடையைக் கொஞ்சம் இறக்குங்க.
கண்ணை நல்லாத் திறங்க.
இங்க உள்ள பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கலாமா?
“ரெண்டும் முடியாது. இதைத் திருப்பிக் கொடுத்துடணும்.”
அப்ப இந்த எஸ்டேட், பங்களா, நீங்க?
“நானா?
எதிர்க்கடையில டீ குடிக்கிற
வெளிநாட்டுக்காரன்!”
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
வாய்விட்டு, தோள் குலுங்க,
இந்த ஊரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
என் விரல் அமுக்கிவிட்டது.

அடுத்ததை ஒழுங்காக எடுத்தேன்.
இரண்டு காதும் தெரிந்தன, நிழல் இல்லை,
முகத்தில் எதுவும் இல்லை.
எட்டு பிரதி வெட்டி, ஓரம் சீவி,
உறையில் போட்டேன்.

சிரித்த படத்தை நான் அழிக்கவில்லை.
எந்த நாடும் அதை ஏற்றுக்கொள்ளாது.

நூற்றிருபது ரூபாய் ஆயிற்று.
பர்ஸைத் துழாவினார்.
“சில்லறை இல்லம்மா,
அடுத்த தடவை தரேன்.”