ஸ்கொயர் லெக்கில் நின்றவன்

அந்த ரன் அவுட்டை நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை.

பார்படோஸின் வடக்கு முனை, செயின்ட் லூசி மைதானம்,
கரும்புக்கு அப்பால் கடல்.
மட்டையின் நுனி கோட்டைத் தொட்டதா என்று
கோட்டையே பார்த்து நின்றேன்.
ஸ்டம்புப் பக்கம் அமைதியாக இருந்தது.
"நாட் அவுட்" என்றேன்,
இருபத்திரண்டு வருட நிச்சயத்தோடு.
கீப்பர் கிட்டென்ஸ் கீழே கிடந்த பெயிலைப் பொறுக்கிக்கொண்டு
சிரித்தான்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்கு முன்பே அப்பீல்கள் வந்திருந்தன.
தபால் அலுவலகக் கதவு வலது தோளில் இடித்தது:
கதவு வைத்தவன் குற்றம்.
ரம் கடையில் லியோட்டா வைத்த கிளாஸ் கை பட்டு உடைந்தது:
அவள் ஓரமாக வைத்தது குற்றம்.
தெருவில் ஒரு சிறுவன்
தரையிலிருந்து முளைத்தவன்போல் வந்து நின்றான்:
வளர்ப்பு சரியில்லை.
எல்லோருக்கும் விரலைத் தூக்கினேன்.

பிரிட்ஜ்டவுனில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்
முகத்தை வைக்கச் சொன்னார் டாக்டர் அலெய்ன்.
நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள்,
ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால்
பொத்தானை அழுத்துங்கள்.
அழுத்தினேன். அழுத்தினேன். பிறகு
நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
"மெஷின் நின்றுவிட்டது" என்று புகார் சொன்னேன்.
"ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மிஸ்டர் யியர்வுட்."

கிளாக்கோமா.
கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழி மந்தமாகி
அழுத்தம் ஏறி
நரம்பின் இழைகளை ஒவ்வொன்றாக நசுக்கியிருக்கிறது,
சத்தமில்லாமல், பல வருடமாக.
"வலித்திருந்தால் வந்திருப்பேனே."
"எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்."

ஆனால் கறுப்பாக எதுவும் தெரியவில்லையே என்றேன்.
தெரியாது என்றார்.
ஒரு கண் விட்டதை மறு கண் சொல்லிக்கொடுக்கும்.
இரண்டும் விட்ட இடத்தில்
மூளை புல்லுக்குப் பக்கத்தில் புல்லை வைத்து ஒட்டும்,
வானத்துக்குப் பக்கத்தில் வானத்தை.
அப்படியானால்
ஆள் நின்ற இடத்தில் நான் புல்லைப் பார்த்திருக்கிறேன்,
எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

"போனது?"
"போனதுதான். இருப்பதைக் காக்கலாம்."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போகும் மட்டையாளனிடம்
நானும் அதே குரலில்தான் பேசுவேன்.

சந்தேகத்தின் பலன் மட்டையாளருக்கு என்பது
எங்கள் பழக்கம்.
கண் விஷயத்தில்
அது நோய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இப்போது இரவு ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு.
கண்ணை மூடி
மூக்கோரத்து முனையை விரலால் அழுத்தி
இரண்டு நிமிடம்.
மருந்து தொண்டைக்கு ஓடிவிடக் கூடாதாம்.
தூக்கியே பழகிய விரல் இது,
எத்தனை பேரை வெளியே அனுப்பியது.
அழுத்தியபடி உட்கார்ந்திருக்கும்போது
சுவருக்கு அப்பால் தவளைகள் அப்பீல் செய்கின்றன.
பதில் சொல்வதில்லை.

இரத்த உறவுகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்
என்று சீட்டு கொடுத்தார்கள்.
ஸ்பைட்ஸ்டவுனில் பறக்கும் மீன் சுத்தம் செய்தபடி
தங்கை மெர்லீன் கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
"எனக்கென்ன, கடல் முடிகிற இடம் வரை தெரிகிறது."
"எனக்கும் தெரிந்தது.
பக்கத்தில் நின்றவன்தான் தெரியவில்லை."
கத்தி ஒரு மீனுக்கு மட்டும் நின்றது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனோம்.
கடல் தெரியட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள்,
என் வலப்பக்கம்.
ஹோல்டவுன் தாண்டும்வரை
அவள் பேசாமல் வருகிறாள் என்றே நினைத்திருந்தேன்.
முழுதாகத் தலையைத் திருப்பினேன்.
வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி,
பிறகு இடது கண்ணைப் பொத்தி,
முன் சீட்டுக்காரரின் தொப்பியை
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.