இரண்டாவது விதி

பிரெமனில் பிப்ரவரி, செவ்வாய் இரவு.
சைக்கிள் பட்டறைக்குக் கீழே ஒரு நிலவறை,
கதவு திறந்தே கிடந்தது.
எங்களிடமிருந்து பூட்டி வைத்து என்ன பயன்
என்றாள் வீப்கே.
பகலில் அவள் பல் மருத்துவரின் உதவியாள்,
கண்ணுக்கு எட்டாத கடைவாயை
விரல்நுனியால் வாசித்துப் பழகியவள்.

எனக்குப் பார்சல் பிரிக்கும் வேலை.
முப்பத்தொன்பது வயதில் ஏதாவது ஒன்றில்
புத்தம்புது முட்டாளாக இருக்க ஆசை.
வேறு காரணம் இல்லை.

முதலில் தந்தது கண்ணாடிப் பூட்டு.
தொட்டி மீன்களைப்போல
ஐந்து முளைகளும் வெளியே தெரியும்.
நாலு நிமிஷத்தில் திறந்துவிட்டேன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டிராகோஸ்லாவ்
கைதட்டவில்லை.
பித்தளைப் பூட்டொன்றை என் பக்கம் தள்ளினார்:
"இதற்குக் கண்ணை மூடிக்கொள்.
திறந்து வைத்தாலும் சரி, இரண்டும் ஒன்றுதான்."

சுவரில் சாக்பீஸால் விதிகள் இரண்டு.
உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே.
உபயோகத்தில் உள்ள பூட்டைத் தொடாதே,
உன்னுடையதே ஆனாலும்.
முதலாவது புரிந்தது.
இரண்டாவதற்கு யாரும் உரை சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசை ஓரத்தில் இடுக்கி,
இடுக்கியின் வாயில் பூட்டு.
இடக்கையில் முறுக்குக்கம்பி, வலக்கையில் கொக்கி.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும்,
பூட்டு நகராது.
இறுக்க இறுக்க முளைகள்
பஸ்ஸில் இடம் பிடித்தவர்களாய்
அசையாமல் உட்கார்ந்துகொள்ளும்.
காகிதத்தை நகர்த்தும் அளவு போதும் என்றிருந்தாள் வீப்கே.
அதிலும் கொஞ்சம் குறைத்தேன்.
இரண்டாம் முளை 'டிக்' என்றது,
காதில் அல்ல, நகக்கண்ணில்.

பிறகு நாலு. ஒன்று. ஐந்து.
மூன்றாவது மட்டும் வந்ததுபோல் நடிக்கும்.
உருளை ஒரு நெல்மணி அளவு திரும்பும்,
நெஞ்சும் திரும்பும்,
அவ்வளவுதான்.
கையை விட்டால் ஐந்தும் சேர்ந்து விழும் சத்தம்
யாரோ கொட்டாவி விடுவதுபோல.

பதினெட்டாம் நாள் திறந்தது.
எப்படி என்று கேட்காதீர்கள்.
வாஷிங் மெஷினில் மறந்த ஈரத்துணியை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம்,
சாவி சட்டைப்பையிலேயே இருக்க,
என் வீட்டு வாசலில் முழங்காலிட்டேன்.
மூன்றாம் முளையில் கொக்கி சிக்கியது.
கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம்தான்.
முனை உள்ளே தங்கிவிட்டது.
இனி சாவிக்கும் வழியில்லை.

படியிறங்கி வந்த ஓல்ட்மான்ஸ் அம்மாள்
என்னைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார்.
"மொயின், ஹெர் தியார்க்ஸ்."
இந்த ஊரில் நடுராத்திரிக்கும் அதுதான் வணக்கம்,
அன்று மட்டும் அதில்
ஒரு கேள்விக்குறி இருந்தது.

பூட்டுக்காரர் வந்தார்,
ஞாயிறு கட்டணம் நூற்றெண்பத்தொன்பது யூரோ.
தொழில்காரர் விரல் எப்படிப் போகும் என்று
பக்கத்தில் போய் நின்றேன்.
அவர் டிரில்லை எடுத்துத் துளைத்தார்.
இரண்டு நிமிஷம்.
"கம்பி விட்டுத் திறக்க யாருக்கு நேரம் இருக்கிறது?"
என்னிடம்தான் கேட்டார்.
தரையில் விழுந்த பித்தளைத் தூளை
நான் கூட்டத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை செத்த உருளையைக் கொண்டுபோனேன்.
டிராகோஸ்லாவ் அதை நீளவாக்கில் அறுத்தார்.
மூன்றாம் அறையில், முளைமேல் சாய்ந்தபடி,
என் கொக்கியின் முனை.
வீப்கே பல்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினாள்.
அதுவரை தொட்டு மட்டுமே அறிந்த முகம்;
இவ்வளவு சின்னதா நீ?

யாரும் சிரிக்கவில்லை.
அவள் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி
மூடியைக் கழற்றினாள்.
உள்ளே துளைபட்ட உருளைகள் ஏழு.
"இரண்டு என்னுடையது" என்றார் டிராகோஸ்லாவ்,
கொஞ்சம் பெருமையோடு.